வேகும் முன்னே கலக்க வேண்டும்

அம்பத்தூரில் ஒரு சிறிய ரப்பர் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வாரம். பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த மூத்த ஆபரேட்டர் ஒரு கறுப்பு வளையத்தை என் கையில் கொடுத்து, “இது நல்லா இருக்கா பாருங்க தம்பி” என்றார். உள்ளங்கை அகல வளையம். தண்ணீர் பம்புக்குள் போகும் சீல். அளந்து பார்த்தேன், அளவு சரி. டியூரோமீட்டரை அழுத்தினேன், கடினமும் சரி. குமிழி இல்லை, மடிப்பு இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் வளையத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ரப்பர் உள்ளே நுழைந்த இடத்தை வெட்டிய தழும்பைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்தார். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே கொண்டுவந்து, டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து மெல்ல இழுத்தார். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும், தூங்குகிறவர் இமை திறப்பதுபோல அந்தக் கோடு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே கிழிந்த தடமே இல்லை. பிளேடால் வெட்டி வைத்ததுபோல வழவழப்பான இரண்டு முகங்கள்.

ரப்பர் கிழிந்தால் அப்படி இருக்காது. அந்த இடத்தில் ரப்பர் கிழியவில்லை, சேரவே இல்லை. பக்கம் பக்கமாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறையில் அந்தக் கோட்டுக்கு வெல்டு லைன் என்று பெயர். சிலர் நிட் லைன் என்பார்கள். இங்கே ஒட்டுக்கோடு என்று சொல்கிறேன். இன்ஜெக்‌ஷன் முறையில் வார்க்கும் ரப்பர் பொருள்களில், குறிப்பாக நடுவில் துளை உள்ள பெரும்பாலானவற்றில், இந்தக் கோடு எங்கேயோ ஓர் இடத்தில் இருக்கிறது. நன்றாகச் செய்த பொருளில் கண்ணுக்குத் தெரியாது, இழுத்தாலும் திறக்காது. மோசமாகச் செய்ததிலும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. பம்புக்குள்ளோ பிரேக்குக்குள்ளோ போய் உட்கார்ந்த பிறகுதான் திறக்கும். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தைத் தேடித்தான் போயிருக்கிறது.

கோடு எப்படி வருகிறது என்று பார்ப்போம். கந்தகம், கார்பன் கறுப்பு, எண்ணெய், இன்னும் சில மருந்துகள் சேர்த்துப் பிசைந்த பச்சை ரப்பரைக் காம்பவுண்ட் என்பார்கள். அதைப் பட்டை பட்டையாக வெட்டி மெஷினுக்குள் விடுவோம். உள்ளே திருகு சுழன்று அதை 70 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி இளக வைக்கும். பிறகு மிகுந்த அழுத்தத்தில், ரன்னர் என்னும் வாய்க்கால் வழியாக, கேட் என்னும் சின்ன வாசல் வழியாக, மோல்டு என்னும் அச்சுக்குள் தள்ளும். மோல்டு 160 முதல் 190 டிகிரி வரை கொதித்துக்கொண்டிருக்கும். அங்கே ரப்பர் நிரம்பி, வெந்து, உருவம் கெட்டியாகி வெளியே வரும்.

வளையத்துக்கான அச்சில் ஒரே ஒரு கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த ரப்பர் நடுக்கட்டையில் மோதி இடமும் வலமுமாகப் பிரியும். இரண்டு கைகளும் சுற்றி வந்து எதிர்ப்பக்கத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். ஆற்றில் பாறையைச் சுற்றிப் பிரிந்த தண்ணீரும் இப்படித்தான் மறுபுறம் சேர்கிறது. அடுத்த நொடியே பிரிந்த அடையாளம் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் ரப்பரின் ஓட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், நின்ற இடத்திலேயே வேகத் தொடங்கிவிடும். இரண்டு கேட் வைத்தால் இரண்டு கோடு, நான்கு வைத்தால் நான்கு. புஷ்ஷுக்குள் இரும்புக் குழல் வைத்தாலும், ஆணித்துளைக்கு ஊசி வைத்தாலும், ஓட்டத்தைப் பிரிக்கும் எதுவும் தன் நிழலில் ஒரு கோட்டை விட்டுச் செல்லும்.

ஓ-ரிங் போன்ற வளையத்தில் இந்தக் கோடு வளையத்தின் குறுக்கே, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் போகும். சீல் எந்தத் திசையில் தண்ணீரையோ எண்ணெயையோ தடுக்க வேண்டுமோ, சரியாக அந்தத் திசையில். ஆகவே கோடு அறுந்து போகவே தேவையில்லை. அதன் மேல்பரப்பில் நகக்கீறல் அளவு பள்ளம் இருந்தாலே கசிவுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும். ஓ-ரிங்குகளின் தோற்றத் தரத்தை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 3601 தரநிலையின் மூன்றாம் பகுதி, ஓட்டத் தடங்களைக் குறைகளின் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான்.

ரப்பரும் ரப்பரும் எப்படி ஒன்றாகின்றன என்று புரிந்தால்தான் ஏன் ஒன்றாகாமல் போகின்றன என்பது புரியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதற்குப் பாடமே வேண்டாம். புகை போட்டுக் காய வைத்த ஷீட்டுகளை அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, சில வாரங்கள் விட்டுப் பாருங்கள். ஷீட்டுகளைப் பிரிக்க முடியாது, ஒரே கட்டியாகியிருக்கும். கட்டுகளின் மேல் டால்க் பூசி அனுப்புவது ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத்தான். பசை எதுவும் போடாமலே பச்சை ரப்பர் தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். அதே ரப்பர் வெந்த பிறகு, ஒரு டயர் துண்டை இரண்டாக வெட்டி எத்தனை வருடம் அழுத்தி வைத்தாலும் சேராது.

இதற்கு விளக்கம் மூலக்கூறின் நீளத்தில் இருக்கிறது. ஐசோப்ரீன் என்னும் சின்ன அலகு பல ஆயிரம் முறை கோத்த சங்கிலிதான் இயற்கை ரப்பர். 10,000 அலகு கொண்ட ஒரு சங்கிலியை இடியாப்ப இழை அளவுக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெரிதாக்கினால், அதன் நீளம் சுமார் 10 மீட்டர் வரும். அப்படிக் கோடிக்கணக்கான இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதே பச்சை ரப்பர். எந்த இழையும் பக்கவாட்டில் நகர முடியாது. சுற்றியுள்ள இழைகள் விடா. தலைப்பக்கமோ வால்பக்கமோ, தன் உடல் கிடக்கும் வழியிலேயே ஊர்ந்துதான் வெளியேற முடியும். பாம்பு புதருக்குள் ஊர்வதைப் போன்ற இந்த நகர்வைக் கணிதமாக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ழீல் டி ஜென். 1971ல் அந்தக் கருத்தை முன்வைத்தார். 1991ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

ஆக, இரண்டு பச்சை ரப்பர் முகங்கள் தொட்டுக்கொண்டவுடன் நடப்பது இது: இந்தப் பக்கத்து இழைகளின் நுனிகள் மெல்ல அந்தப் பக்கத்துக்குள் தலைநீட்டுகின்றன, அந்தப் பக்கத்தவை இந்தப் பக்கம் வருகின்றன. முழுச் சங்கிலியும் கடந்து போக வேண்டியதில்லை. சில பத்து நானோமீட்டர் ஆழம் போய், அங்கே உள்ளவற்றோடு பின்னிக்கொண்டாலே போதும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம். ஒரு சீலின் ஆயுள் அந்தத் தூரத்தில் தொங்குகிறது என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

1981ல் ரிச்சர்ட் வூலும் ஓ’கானரும் பாலிமர்களில் விரிசல் ஆறுவதைப் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். சேர்ந்த முகங்களின் வலிமை, தொட்டுக்கொண்டிருந்த நேரத்தின் நான்காம் மூலத்தைப் பொறுத்து வளரும் என்பது அதன் சாரம். வலிமை இரட்டிப்பாக வேண்டுமானால் நேரம் 16 மடங்கு வேண்டும். தொடக்கத்துச் சில நொடிகள் மிகவும் விலையுயர்ந்தவை. பிறகு வரும் நேரத்துக்கு மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு வரம்பை எட்டியதும் கோடு மற்ற இடங்களைப் போலவே ஆகிவிடும்.

ஆனால் ரப்பருக்கு அந்த நேரம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஏனென்றால் மோல்டுக்குள் இரண்டாவது வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பாலம் கட்டுகிறது. குறுக்குப் பிணைப்பு என்று சொல்லும் இந்தப் பாலங்கள்தான் பிசுபிசுப்பான காம்பவுண்டை இழுத்தால் மீளும் ரப்பராக்குகின்றன. 1839ல் சார்லஸ் குட்இயர் கண்டது இதைத்தான். எத்தனை பாலம் தேவை? அதிகமில்லை. அமேசான் காட்டுப் பழங்குடிகள் ரப்பர் பாலைக் காலில் பூசி அப்படியே காலணியாக்கிக்கொண்டதை டி ஜென் தன் நோபல் உரையில் உதாரணம் காட்டினார்: காற்றின் ஆக்சிஜன் சுமார் 200 கார்பன் அணுக்களில் ஒன்றைத் தொட்டாலே திரவம் கெட்டியாகிவிடுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முடிச்சுகள் விழுந்தாலே இழைகளின் ஊர்தல் நின்றுபோகிறது. ஊர்தல் நின்றபின் இரண்டு முகங்கள் எத்தனை அழுத்தமாகத் தொட்டுக்கொண்டாலும் பயனில்லை.

ஒட்டுக்கோட்டின் வலிமையைத் தீர்மானிப்பது இந்தப் பந்தயம்தான். கலப்பதற்கு ஒரு கடிகாரம், வேகுவதற்கு ஒரு கடிகாரம். மோல்டின் சூடு, தள்ளும் வேகம், காம்பவுண்டின் மருந்துகள், கேட் இருக்கும் இடம், காற்றுவழி என்று எதைப் பேசினாலும், அது இந்த இரண்டில் எந்தக் கடிகாரத்தைத் தொடுகிறது என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

இங்கே பிளாஸ்டிக் தொழிலிலிருந்து வருபவர்கள் ஒரு தவறு செய்வார்கள். படித்த பொறியாளர்களே செய்து பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் மெஷினில் உருகிய பொருள் சூடு, மோல்டு குளிர்ச்சி. ஓடி வரும் முகப்பு வழியிலேயே ஆறிப்போய் உறைவதால் கோடு சரியாகச் சேர்வதில்லை; நெய் உறைவதைப் போல. ஆகவே அங்கே மோல்டின் சூட்டைக் கூட்டினால் கோடு வலுக்கும். ரப்பரில் எல்லாம் தலைகீழ். காம்பவுண்ட் மிதமான சூடு, மோல்டு கொதிக்கும் சூடு. இங்கே முகப்பு ஆறுவதில்லை, வெந்துபோகிறது. தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி மாவை ஊற்றிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் அடுத்த கரண்டியை ஊற்றினால் இரண்டும் ஒரே தோசை. விளிம்பு வெந்து நிறம் மாறிய பிறகு ஊற்றினால், மாவு ஏறி உட்காரும், ஆனால் எடுக்கும்போது அந்த விளிம்பில் பிரிந்து வரும். கல்லின் சூட்டைக் கூட்டினால் சரியாகுமா? இன்னும் சீக்கிரம் பிரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூனி விஸ்கோமீட்டரில் 120 டிகிரியில் வைத்தால் 10 நிமிடத்தில் வேகத் தொடங்கும் காம்பவுண்ட் ஒன்று இருக்கிறது என்று வைப்போம். பட்டறையில் இந்தத் தொடக்கத்துக்கு ஸ்கார்ச் என்று பெயர். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ரப்பர்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் கைக்கணக்கு. அதன்படி 130ல் 5 நிமிடம், 140ல் இரண்டரை, 150ல் 75 நொடி, 160ல் 37 நொடி, 170ல் 19 நொடி, 180ல் 9 நொடி. அச்சு நிரம்ப 7 நொடி ஆகிறது என்றால், 170 டிகிரி மோல்டில் சந்தித்த முகங்களுக்குக் கலக்க 12 நொடி மிச்சம்; 180ல் இரண்டு நொடிக்குச் சற்று மேல். நான்காம் மூல விதியைப் போட்டால், 10 டிகிரி கூட்டியதற்குக் கோட்டின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சூடு கூடினால் இழைகள் ஊர்வதும் வேகமாகும் என்பது உண்மைதான், ஆனால் வேகும் வேகம் அதைவிட மிக விரைவாக ஏறும். இது கரடுமுரடான கணக்கு. உள்ளே வரும் ரப்பர் முழுவதும் உடனே மோல்டின் சூட்டை எட்டிவிடாது. ரப்பருக்குள் சூடு ஒரு நொடியில் 0.3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். ஆகவே மோல்டுச் சுவரைத் தொடும் தோல் வெந்துகொண்டிருக்கும்போது நடுப்பகுதி இன்னும் இளசாக இருக்கும். பெரும்பாலான ஒட்டுக்கோடுகள் முதலில் வெளிவிளிம்பில் பிளப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சின்னக் கேட் வழியாக வேகமாகப் பிழியும்போது உராய்வாலேயே காம்பவுண்டின் சூடு 20, 30 டிகிரி ஏறலாம். வேகமாகத் தள்ளினால் முகங்கள் வேகும் முன்பே சந்திக்கும், அது நல்லது. ஆனால் உராய்வுச் சூட்டோடு வருவதால் ஸ்கார்ச் நேரமும் குறையும், காற்று வெளியேறவும் அவகாசம் இருக்காது. மெதுவாகத் தள்ளினால் முகப்பு மோல்டின் சூட்டில் நெடுநேரம் ஊர்ந்து வந்து களைத்துப்போய்ச் சேரும். நல்ல வேகம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அது காம்பவுண்டுக்குக் காம்பவுண்ட் மாறும், அதனால் கைப்புத்தகத்தில் கிடைக்காது. படிப்படியாக வேகத்தை மாற்றி, ஒவ்வொரு படியிலும் வளையங்களை இழுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் ஆரம்பத்தில் சொன்ன வளையத்துக்கு வருகிறேன். அது நடந்தது மே மாதம். காலை ஷிஃப்டில் வார்த்தவை நன்றாக இருந்தன; மதியத்துக்கு மேல் வார்த்தவை திறந்தன. அதே மெஷின், அதே மோல்டு, அதே பேட்ச் காம்பவுண்ட். இரண்டு நாள் தேடினோம். காம்பவுண்ட் பட்டைகள் மூடியில்லாத டிரேயில், பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே, சூடான தகட்டின் வெப்பம் அடிக்கும் இடத்தில் அடுக்கியிருந்தன. காலையில் போட்ட பட்டைக்கு ஒன்றுமில்லை. மதியம் வரை கிடந்த பட்டை தன் ஸ்கார்ச் நேரத்தில் ஒரு பங்கை அங்கேயே செலவழித்துவிட்டது. இந்த நேரம் வங்கியில் போட்ட பணம் மாதிரி: பிசையும்போது கொஞ்சம் போகும், ஷீட்டாக இழுக்கும்போது கொஞ்சம், குடோனில் கொஞ்சம், மெஷினின் பேரலுக்குள் கொஞ்சம். எடுத்தது திரும்ப வராது. கடைசியில் ஒட்டுக்கோட்டுக்கு வரும்போது கணக்கில் என்ன மிச்சமோ அதை வைத்துத்தான் முகங்கள் கலக்க வேண்டும். போதாததற்கு, எண்ணிக்கை கூட வேண்டும் என்று முந்தைய வாரம் மோல்டின் சூட்டையும் 10 டிகிரி ஏற்றியிருந்தார்கள். பட்டைகளைக் குளிரூட்டிய அறைக்கு மாற்றினோம். சூட்டைப் பழைய இடத்துக்கு இறக்கினோம். ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு முறை வார்ப்பதற்கு, ஆகும் நேரம் கூடியது. அதற்காக மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. திறக்கும் சீலை ஆயிரக்கணக்கில் வேகமாகச் செய்வதற்கு உற்பத்தி என்று பெயர் வைக்க எனக்கு அன்றும் மனமில்லை, இன்றும் இல்லை.

மருந்து வகையில் செய்யக்கூடியவை உண்டு. வேகுவதை விரைவாக்கும் ஆக்சிலரேட்டர்களில் சல்ஃபெனமைடு வகை முதலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு வேகமாக வேலை செய்யும். ஒட்டுக்கோட்டுக்கு இந்தக் குணம் வரப்பிரசாதம். சி.டி.பி. என்னும் ரிடார்டர் மிகச் சிறிய அளவிலேயே தொடக்கத்தைத் தள்ளிப்போடும், முடிவை அவ்வளவாகப் பாதிக்காது. பெராக்சைடு போட்டு வேகவைக்கும் காம்பவுண்டுகளில் வேறொரு தொல்லை இருக்கிறது: ஆக்சிஜன் பட்ட மேற்பரப்பு சரியாக வேகாமல் பிசுபிசுக்கும். முகப்புகளுக்கு நடுவே காற்று சிக்கினால் அந்த இடத்தில் இரட்டைச் சேதம்.

எந்த ரப்பர் என்பதும் முக்கியம். தன்னோடு தானே ஒட்டும் குணத்தில் இயற்கை ரப்பரை மிஞ்ச ஆளில்லை. இழுக்கும்போது அதன் சங்கிலிகள் வரிசையாகிப் படிகமாவதால், சேர்ந்த இடம் இன்னும் இறுகுகிறது. கார் ஜன்னல் ஓரங்களில் வரும் ஈ.பி.டி.எம். வெயிலையும் ஓசோனையும் தாங்குவதில் மன்னன், ஆனால் பச்சையாக இருக்கும்போது ஒட்டும் குணம் மிகக் குறைவு. எஞ்சினுக்குள் போகும் ஃபுளூரோ ரப்பரிலும் ஒட்டுக்கோட்டுத் தொல்லை அதிகம், விலையும் அதிகம். அதில் ஒரு ஷாட் வீணானால் மனம் பதறும்.

இப்போது முகப்பின் மேலே என்ன இருக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ரப்பர் அச்சுக்குள் ஒரு கட்டியாக வழுக்கிக்கொண்டு போவதில்லை. நடுப்பகுதி வேகமாக முன்னேறி, முகப்பை எட்டியதும் விரிந்து, ஊற்றுநீர் மேலெழுந்து ஓரத்தில் வழிவதுபோலச் சுவர்களின் மேல் படிகிறது. அப்படி விரியும்போது முகப்பில் உள்ள சங்கிலிகள் முகப்பின் வாக்கிலேயே இழுபட்டுப் படுத்துவிடுகின்றன. எதிரே வரும் முகப்பிலும் அப்படியே. ஆகவே சந்திக்கும் நொடியில் இரண்டு பக்கத்து இழைகளும் கோட்டுக்கு இணையாகத்தான் கிடக்கின்றன. ஒன்றும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. முதலில் அவை சுருண்டு இயல்புக்கு வர வேண்டும், பிறகு ஊர வேண்டும். இழைகள் எப்படியாவது திரும்பிக்கொள்ளும். ஆனால் களிமண், டால்க் போன்ற தட்டையான நிரப்பிகளும், நார்களும் அப்படிப் படுத்தால் படுத்ததுதான். அவை கோட்டின் இருபுறமும் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கி நிற்கும். கார்பன் கறுப்பு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அது தானாக எல்லை தாண்டாது, தன்னைச் சுற்றியுள்ள சங்கிலிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முகப்பு வெறும் கையோடு வருவதும் இல்லை. வழியில் உள்ள காற்றைத் துரத்திக்கொண்டு வருகிறது. இரண்டு முகப்புகளும் சேரும் இடத்தில் அந்தக் காற்றுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால், அழுந்திச் சூடாகி ரப்பரையே கருக்கிவிடும். காம்பவுண்டிலிருந்து மேற்பரப்புக்குக் கசியும் மெழுகு, ஸ்டியரேட், எண்ணெய் இவையும் முகப்பில் இருக்கலாம். எல்லாவற்றையும்விட, மோல்டில் அடிக்கும் சிலிகோன் ஸ்ப்ரே. பொருள் ஒட்டாமல் எளிதாக வர வேண்டும் என்று ஆபரேட்டர் அடிக்கிறார். ஓடி வரும் ரப்பர் அதைத் துடைப்பம்போல் வாரிக்கொண்டு வந்து, இரண்டு பக்கத்துக் குப்பையையும் சேர்த்து ஒட்டுக்கோட்டில் கொட்டுகிறது. ஒட்டக்கூடாது என்று போட்டது, ஒட்டியே ஆக வேண்டிய இடத்தில் போய்ச் சேர்கிறது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபை உப்புத்தாளால் தேய்க்காமலோ, தேய்த்த இடத்தை விரலால் தொட்டு அழுக்காக்கியோ, மேலே பேட்ச் வைப்பாரா? அவருக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு பெரிய ஆலைகளில் மறந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஸ்ப்ரே கேனைக் கையில் கொடுக்கும் முன், எத்தனை ஷாட்டுக்கு ஒரு முறை, எத்தனை நொடி, எந்தப் பக்கம் என்று எழுதி மெஷினில் ஒட்ட வேண்டும். மோல்டின் உள்பரப்பு நன்றாக இருந்தால் பல காம்பவுண்டுகளுக்கு ஸ்ப்ரேயே வேண்டாம்.

அழுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோடு பெரும்பாலும் கேட்டிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பதால் மெஷின் தரும் அழுத்தத்தில் அங்கே போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். நிரம்பியபின் ரப்பர் சூட்டில் எஃகைவிட மிக அதிகமாக விரிவதால் உள்ளே அழுத்தம் மறுபடி ஏறும். அது முகங்களை நன்றாக நெருக்கும். ஆனால் அதற்குள் தோல் வெந்திருக்கக் கூடாது.

மெஷினில் திருகக்கூடிய எதையும்விட அச்சு வரையும் மேசையில் எடுக்கும் முடிவுகள்தான் இந்தக் கோட்டின் தலையெழுத்தைப் பெரிதும் எழுதுகின்றன என்பது என் உறுதியான கருத்து. கேட்டை எங்கே வைக்கிறோமோ, அதைப் பொறுத்துக் கோடு எங்கே விழும் என்பது முடிவாகிவிடுகிறது. ஒரு புஷ்ஷில் எந்தப் பக்கம் இழுவை அதிகம் என்று தெரிந்தால், கோட்டை அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளலாம். வளையத்தின் நடுவே தட்டுபோல ரப்பரை ஊற்றி, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளிநோக்கிப் பரவவிட்டால் கோடே வராது. டிஸ்க் கேட் என்னும் இந்த முறையில் நடுத்தட்டு வீணாகும். வெந்த ரப்பரை மறுபடி உருக்க முடியாது, வெட்டி எறிய வேண்டும். கூடவே வெட்டும் வேலை. உயிர் காக்கும் பாகம் என்றால் அந்தச் செலவு நியாயம்தான் என்பேன்.

அப்படிச் செய்ய முடியாத இடத்தில் இருக்கும் வழி, கோடு விழும் இடத்துக்கு வெளியே ஒரு சின்னப் பள்ளம் வெட்டி வைப்பது. இரண்டு முகப்புகளும் சந்தித்த பிறகும் ஓட்டம் நிற்காமல், காற்றும் ஸ்ப்ரேயும் பாதி வெந்த தோலும் அந்தப் பள்ளத்துக்குள் வழிந்துவிடும். பின்னால் வரும் சுத்தமான, இளசான ரப்பர் அந்த இடத்தில் சந்திக்கும். பள்ளத்தில் சேர்ந்த துணுக்கைப் பிறகு கிள்ளி எறியலாம். காற்று போக விடும் இடைவெளி மிக நுணுக்கமான வேலை. ஒரு மில்லிமீட்டரில் 100ல் இரண்டு மூன்று பங்குக்கு மேல் போனால் காற்றோடு ரப்பரும் வெளியே வந்து பிளாஷ் என்னும் பிசிறாகும். வசதி உள்ள இடங்களில் மோல்டை மூடியதும் உள்ளே உள்ள காற்றையே பம்ப் வைத்து உறிஞ்சிவிடுவார்கள்.

சரி, கோடு வலுவாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தட்டையாக ஒரு ஷீட் வார்த்து, கோடு நடுவில் குறுக்கே வரும்படி டம்பெல் வடிவத்தில் ஒரு துண்டு வெட்டுவோம். கோடு இல்லாத இடத்திலிருந்து இன்னொன்று. ஐ.எஸ்.ஓ. 37 சொல்வதுபோல் நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் இரண்டையும் இழுத்து அறுப்போம். அறுந்த விசைகளின் விகிதம் கோட்டின் மதிப்பெண். வளையத்தில் டம்பெல் வெட்ட இடமிருக்காது; இரண்டு உருளைகளில் மாட்டி வளையமாகவே இழுக்க வேண்டும். ஒரே ஒரு இழுப்பில் வரும் எண்ணை நம்பி உட்காரக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். ஒரு முறை இழுக்கும்போது நல்ல மதிப்பெண் வாங்கிய கோடு, லட்சம் முறை மடங்கி நிமிரும்போது முதல் ஆளாகப் பிளக்கலாம். அதனால் நான் இரண்டு எளிய சோதனைகளை விடுவதில்லை. ஒன்று, பொருத்தமான கரைப்பானில் ஊறப் போடுவது. இயற்கை ரப்பருக்கு டொலுவீன் சரி. ரப்பர் ஊதிப் பெருக்கும்போது, கலக்காத கோடு தானாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, அறுந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பது. முகம் பளபளப்பாக இருந்தால் இழைகள் கடக்கவே இல்லை. கரடுமுரடாக, கிழிந்த ரொட்டியைப் போல் இருந்தால் கடந்து பின்னியிருக்கின்றன. பிரிக்க ரப்பரைக் கிழிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பம்பு சீலுக்குப் பிறகு புதிய மோல்டு செய்தார்கள். கேட்டுக்கு எதிரே வழிவதற்கு ஒரு பள்ளம், கேட் கொஞ்சம் அகலம், ஸ்ப்ரே 20 ஷாட்டுக்கு ஒரு தடவை. முதல் நாள் வார்த்ததில் ஐந்து வளையங்களை எடுத்துக்கொண்டு மூத்த ஆபரேட்டரும் நானும் இழுவை மெஷினுக்குப் போனோம். ஒவ்வொன்றிலும் கோடு எங்கே வரும் என்று முன்கூட்டியே வெள்ளைச் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தார். நான்கு வளையங்கள் சாக்பீஸ் குறியை விட்டுவிட்டு வேறெங்கோ அறுந்தன. ஐந்தாவது குறியிலேயே அறுந்தது. அவர் முகம் வாடிவிட்டது. அறுந்த நுனியை வாங்கி லென்ஸுக்கு அடியில் வைத்தேன். பிறகு நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். “கிழிஞ்சிருக்கு தம்பி, திறக்கல” என்றார். அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஷிஃப்டு ஆட்களுக்குக் காட்டப் போனார்.